வாசலைப் பார்த்து வாசித்த பட்டியல்

போன மாதம் தேவி போன் செய்தாள். நில ஆபீசில், சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். கெட்டிக்காரப் பெண். ஆனால் அவசரக்காரி.

"சார், ஒரு சந்தேகம் லா. ஒரு முஸ்லிம் குடும்பம், ஏழு வாரிசு. அதுல ஒருத்தருக்கு மூளை வளர்ச்சி இல்ல. அவரு பேரை வச்சா காதியார் சர்டிபிகேட், பொறுப்பாளர் நியமனம்னு மாசக்கணக்குல இழுக்கும். மத்தவங்க எல்லாம், 'நாங்கதான பாத்துக்கிறோம், பேரை விட்டுடுங்க'ன்றாங்க. விட்டுடலாமா சார்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாரைக் கேட்டு விடுவ? உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா, இல்லையா?" என்றாள்.

பத்து நிமிடம் கழித்து நானே தேவியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்கத்தான் வேண்டும். அவளாவது செய்யலாமா என்று கேட்டாள். நான் யாரையும் கேட்காமலே செய்தவன். "எழுதி அனுப்புங்க சார், நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்றாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆபீஸ் எந்த ஊர் என்பது மட்டும் வேண்டாம். மலாக்கா மாநிலத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பா ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார், அம்மா களை பிடுங்கினாள். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் படித்து, மலாய் பேசக் கற்று, ஆபீசில் கிராணியாகவும், அதாவது குமாஸ்தாவாகவும், மொழிபெயர்ப்பாளராகவும் சேர்ந்தது அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோது. அப்போது சாலையில் மைலுக்கு மைல் தடுப்பு. காட்டுக்குள் இருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, மதியச் சோற்றுப் பொட்டலத்தைக்கூட வழியில் பிடுங்கிக்கொள்வார்கள். அடையாளக் கார்டு இல்லாமல் வெளியே கால் வைத்தால் போலீஸ் லாரியில் ஏற்றிவிடுவார்கள். வேலை பழகிய கதையெல்லாம் பெரிதில்லை. முதல் வருடம் பைல் கட்டினேன், இரண்டாம் வருடம் டைப் அடித்தேன், மூன்றாம் வருடம் என்னை மனிதர்களிடம் விட்டார்கள்.

என் மேலாள் தலைமைக் கிராணி சபாரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டிரில் கால்சட்டை, கையில் எந்நேரமும் ஒரு குடை, வாயில் கராம்பு. அவர் மேசைக்கு ஒரு தாள் போனால் மரக்கோலை வைத்து அடியிலிருந்து மேலே வரிவரியாகப் படிப்பார். மேலிருந்து படித்தால் கண் தானாகவே ஓடிவிடுமாம். பிழை கிடைத்தால் முகம் மலரும். "என்ன காணும் வீரையா, உம்முடைய மூளை இண்டைக்கு லீவோ?" என்பார். பிழை கிடைக்காத நாளில் கொஞ்சம் வாட்டமாக இருப்பார். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்காமல் விசாரணை தொடங்க விட மாட்டார். பங்குச் சண்டைக்கு வருகிறவர்களுக்குத் தொண்டை காய்ந்திருக்கும், காய்ந்த தொண்டையில் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும் என்பது அவர் கட்சி.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. விசாரணையில் வாரிசுப் பட்டியலை உரக்க வாசிப்பது தலைமைக் கிராணியின் வேலை. மற்ற ஆபீசில் மேசையில் உட்கார்ந்து முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். இவர் எழுந்து நிற்பார். சொந்தக்காரர்களுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்று, கோயில் அறிவிப்பு மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"உள்ளுக்கு இருக்கிறவன்ர பேர் பட்டியல்ல இருக்கும் காணும்," என்றார். "விட்டுப்போனவன் வெளியிலதான் நிப்பான். அவன்ர காதில விழ வேணும்."

கிழவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அந்த வயதில் எல்லோருமே கிழவர்கள்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஹாஜா மைதீன் பைல் வந்தது. கோலா சுங்கை பாருவில், படகுத்துறைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த நாகூர்ப் பக்கத்து மனிதர். மனைவி முன்பே இறந்துவிட்டாள். அவரும் திடீரென்று போய்விட்டார். உயில் எதுவும் இல்லை. ஒரு வீடு, அதை ஒட்டித் தென்னை நிலம், இரண்டும் ஒரே பட்டாவில். மனு போட்டது மூத்த மகன் ஜமால். மலாக்கா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு நாகூர்ப் பக்கம் கப்பலேற வேண்டும் என்பது அவர் அவசரம்.

விவரம் எழுதி வர என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதனை போட்டார்கள். என் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோறு முதல் தடுப்பிலேயே போயிற்று. கோலா சுங்கை பாருவில் இறங்கும்போது பசி காதை அடைத்தது. படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. துறைக் கட்டையின் நுனியில், சாரமும் பனியனுமாய் முப்பது வயது ஆள் ஒருவர் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வழி கேட்டேன். திரும்பவேயில்லை. "இப்ராகிம் வரல," என்றார் கடலிடம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரர் சிரித்தார். "அவன் ஹாஜா மகன் யூசுப். புத்தி குழந்தைப் புத்தி. ஆனால் எந்தப் படகு வரவில்லை என்று அவனைத்தான் நாங்கள் கேட்போம்," என்றார் மலாயில். எத்தனை படகு என்று கேட்டால் யூசுப்புக்குச் சொல்லத் தெரியாது. மூன்றுக்கு மேல் எண்ணிக்கையே கிடையாது. எது வரவில்லை என்பது மட்டும் பிசகாது. கடைசிப் படகு வந்ததும், "எல்லாம் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடப்பார். அதுவரை யார் கூப்பிட்டாலும் நகர மாட்டார்.

வீட்டில் ஜமால் என்னை உட்கார வைத்தார். தங்கை மரியம் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். யூசுப்புக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டவள். அன்றிலிருந்து யூசுப்பை வளர்ப்பது, அவர் 'லாத்தா' என்று கூப்பிடும் இந்த அக்காதான். நான் பேச ஆரம்பிக்கும்போதே ஜமால் எழுந்து துறைக்குப் போய், யூசுப்பைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். யூசுப் வழி முழுக்க அழுதார்.

"நானா, இழுக்காதீங்க நானா. கடைசி படகு வந்தா அவனே வருவான்லா," என்றாள் மரியம்.

"ஊரடங்கு நேரத்துல நிப்பான், போலீஸ் சுட்டுட்டுப் போவான். அப்ப யாரு அழுவுறது?" என்று ஜமால் பாய்ந்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. யூசுப்பிடம் அடையாளக் கார்டு கிடையாது. எல்லோரையும் படம் பிடித்துப் பதிந்த சமயத்தில் யூசுப் காமிராவைப் பார்த்து மிரண்டு ஓடியிருக்கிறார். ஹாஜாவும், வீட்டோடு கிடக்கிறவனுக்கு எதுக்கு என்று விட்டுவிட்டார். ஊர்ப் போலீஸுக்கு அவரைத் தெரியும். புதுப் போலீஸ் வந்தால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது.

ஜமாலைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அவர் போன பஸ்ஸை ஒருமுறை காட்டுக்காரர்கள் வழிமறித்து எல்லோரையும் இறக்கிவிட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த மனிதருக்குத் தூக்கம் கிடையாது. மனைவியும் குழந்தையும் ஊரில். தங்கையையும் கூட்டிக்கொண்டு போய்விடத் துடித்தார். ஆனால் கார்டே இல்லாத யூசுப்பைக் கப்பலில் எப்படி ஏற்றுவது? "இவனை வடக்கே மனநோய் ஆஸ்பத்திரியில சேத்துடலாம்னு இருக்கேன் கிராணி. அங்க சோறு கிடைக்கும். வேலி இருக்கு. யாரும் சுட மாட்டாங்க," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சாப்பாடு வந்தது. அவர்கள் மூவரும் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம். அன்று மரியம் உள்ளேயே இருந்துகொண்டாள். எனக்குத் தனித் தட்டு. யூசுப் அழுகையை நிறுத்திவிட்டு என் தட்டை உற்றுப் பார்த்தார். பிறகு சஹனிலிருந்து ஒரு பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். முள்ளை எடுத்துவிட்டுத்தான் வைத்தார். பசியில் இருந்தவன், சாப்பிட்டேன். அந்த மீன் குழம்பின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

சாப்பிட்டுக் கையைக் கழுவி வந்து பாரத்தை நிரப்பினேன். வாரிசுகள் என்ற கட்டத்தில் ஜமால் முகமது, மரியம் பீவி. யூசுப்பை அதில் எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கார்டு எண் எழுத வேண்டும். யூசுப்புக்கு எண் இல்லை. அது சாக்கு. உண்மையான காரணம் வேறு.

எங்கள் தோட்டத்தில் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார், பழனி. அவருக்கும் இப்படித்தான், புத்தி வளரவில்லை. தாத்தா வைத்திருந்த மாடுகளை ஏழு வயதிலிருந்து மேய்த்தது சித்தப்பாதான். தாத்தா செத்தபோது மாடுகளைப் பெரியப்பாவும் என் அப்பாவும் பிரித்துக்கொண்டார்கள். "அவனுக்கு எதுக்குப் பங்கு? மூணு வேளை சோறு போட்டா போதும்," என்றார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தப்பாகத் தோன்றவில்லை. புத்தி இல்லாதவனுக்குப் பங்கு இல்லை என்பது எங்கள் பக்கத்தில் ஊரறிந்த நியாயம். முஸ்லிம் குடும்பத்துக்கும் அதுதான் நியாயமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

எழுதும்போது மரியம் மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து, "கிராணி ஐயா, யூசுப் பேரு?" என்றாள்.

"குறிப்புல எழுதிட்டேன்மா," என்றேன். எழுதியிருந்தேன்தான். பாரத்தின் அடியில், சின்ன எழுத்தில்: புத்தி சுவாதீனமில்லாத சகோதரர் ஒருவர், குடும்பத்தின் பராமரிப்பில். பெயர்கூடப் போடவில்லை. நான் அரசாங்கத்து ஆள், எழுதிவிட்டேன் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பிவிட்டாள். என் தட்டில் முள் எடுத்த மீன் வைத்தவனுக்கு நான் செய்த மரியாதை அது.

சபாரத்தினம் அந்தத் தாளைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அந்த வாரம் அவருக்குக் கண்ணில் கட்டி. ஒற்றைக் கண்ணால் அடியிலிருந்து படித்தவர், சகோதரர் என்றால் இறந்தவரின் சகோதரர், மகன் இருக்கும்போது அவருக்குப் பங்கு வராது என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அதைப் பிற்பாடு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

விசாரணை நாள் வந்தது. உதவிக் கலெக்டர் நடுவில். மதச் சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்று சொல்ல மாவட்டக் காதியார் வலது பக்கத்தில். மலாய்க்காரர், குள்ளமான உருவம், அடிக்கடி கண்ணாடியைத் துடைக்கிறவர். ஜமாலும் மரியமும் முன் பெஞ்சில். யூசுப்பைத் தனியாக விட்டுவர முடியாமல் மரியம் கூட்டி வந்திருந்தாள். ஊர்ப் போலீஸ்காரர் ஒருவரே துணைக்கு வந்து, தடுப்புகளில் சொல்லித் தாண்டவைத்திருக்கிறார். யூசுப் உள்ளே வர மாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். சபாரத்தினம் எழுந்தார். வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

"காலஞ்சென்ற ஹாஜா மைதீனின் வாரிசுகள்," என்று தொடங்கினார். "ஜமால் முகமது." நிறுத்தினார். "மரியம் பீவி." நிறுத்தினார். தாளை மடித்தார்.

படியிலிருந்து குரல் வந்தது.

"யூசுப் வரல."

துறையில் சொல்கிற அதே குரல். கோபமில்லை, குறையில்லை. கடலைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார்.

மரியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காதியார் மலாயில் என்னைக் கேட்டார்: "அந்த ஆள் என்ன சொல்கிறார்?" மொழிபெயர்ப்பாளன் நான்தானே. சொன்னேன். "யூசுப் யார்?" என்றார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இறந்தவரின் இளைய மகன், துவான். அவர்தான் அது. புத்தி சுவாதீனமில்லை. அதனால்..."

"அதனால்?" என்றார்.

சபாரத்தினம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த மனிதர் அன்றைக்கு மூளை லீவா என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

காதியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புத்தி குறைந்தவனும் மகன்தான்," என்றார். அவர் நிறுத்தி நிறுத்திப் பேச, நான் தமிழில் சொன்னேன். என் பிழையை என் வாயாலேயே சபையில் சொல்லவைத்த மாதிரி இருந்தது. "அவனுடைய பங்கு அண்ணனுடைய பங்குக்குச் சமம். ஒரு மணல் குறையாது. சொத்தை ஐந்தாகப் பிரித்தால் ஜமாலுக்கு இரண்டு, யூசுப்புக்கு இரண்டு, மரியத்துக்கு ஒன்று. அவனால் தன் பங்கைப் பார்த்துக்கொள்ள முடியாது. அதற்காகப் பங்கை எடுத்துவிட முடியுமா? பார்த்துக்கொள்ள ஆளைத்தான் போட வேண்டும்."

ஜமால் எழுந்தார். "நான் மூத்தவன் துவான். என்னைப் போடுங்க. நான் ஆஸ்பத்திரியில சேத்து..."

"வாப்பா இருந்தால் வாப்பா. அவர் இல்லையென்றால் வாப்பாவின் வாப்பா. இருவரும் இல்லை, உயிலும் இல்லை. அதற்குப் பிறகு அண்ணன் என்பதற்காக உரிமை தானாக வராது. யாரை நம்பலாம் என்று அதிகாரம் உள்ளவர் பார்த்துத்தான் போட வேண்டும்," என்றார் காதியார். "பொறுப்பாளர், அவன் வீட்டைத் தன் வசதிக்கு விற்கவும் முடியாது. அவனுக்குத் தேவை, அவனுக்கு நன்மை என்று காட்டினால்தான்."

பிறகு இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேட்டார். "யூசுப்புக்கு எந்தப் பல் வலிக்கும்?"

ஜமால் மரியத்தைத் திரும்பிப் பார்த்தார். மரியம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "வலது பக்கம், அடியில, கடைசிப் பல்லு. கராம்புத் தைலம் வச்சாத்தான் தூங்குவான். கூதல் காத்து அடிச்சா வலி ஜாஸ்தி."

"பொம்பளையைப் போய் எப்படி..." என்றார் ஜமால்.

"பொறுப்பாளர் ஆண்தான் என்று சட்டம் சொல்லவில்லை. நம்பிக்கையானவரா என்றுதான் கேட்கிறது," என்றார் காதியார்.

ஜமால் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "எனக்குப் பயமா இருக்கு துவான். என் தம்பிதான் அவன். எனக்கு மட்டும் ஆசையா? ரொம்பப் பயமா இருக்கு." நான் அதை மொழிபெயர்க்கவில்லை. காதியாருக்குப் புரிந்திருந்தது. சபாரத்தினம் இன்னொரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு தானே போய் ஜமாலிடம் கொடுத்தார்.

உதவிக் கலெக்டர் உத்தரவு எழுதினார். தென்னை நிலம் ஜமாலுக்கு. அவர் அதை விற்றுக்கொண்டு ஊருக்குப் போகலாம். வீடு மரியத்துக்கும் யூசுப்புக்கும். யூசுப்பின் பங்குக்கு மரியம் பொறுப்பாளர். அனுமதி இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. நான் புதுப் பாரத்தில் பெயர்களை டைப் அடித்தேன். கார்டு எண் கட்டத்தில் கோடு போட்டேன். சபாரத்தினம் மறுபடி எழுந்து நின்று வாசலைப் பார்த்து வாசித்தார்.

"ஜமால் முகமது. மரியம் பீவி. முகமது யூசுப்."

"எல்லாம் வந்துருச்சு," என்றார் யூசுப். சாரத்தைத் தட்டிக்கொண்டு எழுந்து பஸ் நிற்கும் பக்கமாக விறுவிறுவென்று நடக்கத் தொடங்கிவிட்டார். மரியம் சிரிப்பும் அழுகையுமாகப் பின்னால் ஓடினாள்.

அன்று மாலை சபாரத்தினம் என்னைக் கூப்பிட்டார். திட்டட்டும் என்று போய் நின்றேன். "பிழை எனக்கும் உண்டு காணும். நானும் பாக்கேல்லை," என்றார். கராம்பை வாயிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். "இனி அந்தப் பெடியனுக்குக் கார்டு எடுக்க வேணும். நாளைக்கு நாங்கள் ரெண்டு பேரும் போவம்." முப்பது வயது ஆளை அவர் பெடியன் என்றார்.

படம் பிடிக்கும் இடத்தில் யூசுப் நிற்கவே மாட்டேன் என்றார். காமிராவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். மரியம் கெஞ்சினாள், நான் மிட்டாய் காட்டினேன். கடைசியில் சபாரத்தினம் காமிராவுக்குப் பின்னால் போய் நின்று குடையை நீட்டி, "அங்க பாரும், இப்ராகிம்ர படகு வருது!" என்றார். யூசுப் நிமிர்ந்து நேராகப் பார்த்தார். படம் விழுந்தது. அந்தக் கார்டில் இருந்த முகத்தைப் போல அழகான முகத்தை நான் எந்தக் கார்டிலும் பார்த்ததில்லை.

அடுத்த லீவுக்குத் தோட்டத்துக்குப் போனபோது அப்பாவிடம் பழனிச் சித்தப்பா பேச்சை எடுத்தேன். அப்பா முதலில், "ஆபீசர் ஆயிட்டாராம், தீர்ப்பு சொல்ல வந்துட்டாரு," என்று எகிறினார். மறுநாள் காலை மாட்டுக் கொட்டகையில் சித்தப்பாவைக் கூப்பிட்டு, "பழனி, இந்தச் செவலைக் கெடாரி உன்னோடது. யாரு கேட்டாலும் குடுக்காத," என்றார். சித்தப்பா நம்பவேயில்லை. அன்று முழுக்க நாலைந்து தடவை வந்து, "எனக்கா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவசரகாலம் ஓய்ந்தது. ஊருக்குப் போன ஜமாலுக்கு அங்கே பிழைப்பு சரிப்படவில்லை. மனைவி மக்களோடு திரும்பி வந்து மறுபடி மலாக்கா டவுனிலேயே ஜவுளிக்கடையில் நின்றார். சபாரத்தினம் ஓய்வு பெற்றார், பிறகு போய்ச் சேர்ந்தார். அவர் மரக்கோல் என்னிடம் வந்தது. நானும் தலைமைக் கிராணி ஆனேன். எழுந்து வாசலைப் பார்த்துத்தான் வாசித்தேன். இளம் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது அந்தப் பைல் மறுபடி என் மேசைக்கு வந்தது. மரியம் இறந்துவிட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பங்கு சகோதரர்கள் இருவருக்கும் சமமாகப் போகும். அது சுலபம். யூசுப்புக்குப் புதிய பொறுப்பாளர் வேண்டும். அதுதான் சிக்கல். மனு போட்டிருந்தவர் ஜமால்.

புதுக் காதியார் இளைஞர், கவனமானவர். பழைய குறிப்பைப் படித்துவிட்டார். "இவரே ஒரு காலத்தில் தம்பியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வீட்டை விற்கப் பார்த்திருக்கிறாரே. இப்போது எப்படி நம்புவது?" என்று கேட்டார். வேறு சொந்தம் யாரும் இல்லை. ஜமாலை மறுத்தால் யூசுப் ஏதாவது ஒரு இல்லத்துக்குத்தான் போக வேண்டும். ஜமால் முடியெல்லாம் நரைத்துப் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய யூசுப் அதே படியில், அதே மாதிரி.

தண்ணீர் கொடுத்தோம். நான் எழுந்து வாசலைப் பார்த்து நின்றேன்.

"காலஞ்சென்ற மரியம் பீவியின் வாரிசுகள். ஜமால் முகமது. முகமது யூசுப்."

யூசுப் தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

"லாத்தா வரல."

அடக்கம் செய்த அன்று தன் கையால் மண் போட்டவர்தான். ஆனாலும் சொன்னார். அந்தப் பெயரை நான் எந்தப் பாரத்தில் எழுதுவேன்? பொறுப்பாளர் யார் என்ற முடிவைக் காதியார் தள்ளிவைக்க, அன்றைய விசாரணை முடிந்தது என்று பியூன் போய்ச் சொன்னான். யூசுப் எழுந்திருக்கவில்லை. எல்லாம் வந்தால்தானே எழுந்திருப்பார்.

ஜமால் பெஞ்சைவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். கையைப் பிடித்து இழுக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். இழுக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆமா தம்பி, வரல," என்றார். "இரு. நானும் இருக்கேன்."

காதியார் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, பொறுப்பாளர் கட்டத்தில் ஜமால் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் மூடுகிற நேரமாகிவிட்டது. பியூன் சாவிக்கொத்தோடு நின்றான். அதை வாங்கிக்கொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் போய் அவர்களோடு படியில் உட்கார்ந்தேன்.